டர்பன் வீட்டு மரத்தரை: தேய்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

கிளென்வுட், அம்பிலோ, பெரியா பக்கம் பழைய வீடு வாங்கியவர்கள் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்னால், படுக்கையறை மூலையில் கார்ப்பெட்டை ஒரு முழம் தூக்கிப் பாருங்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991-ல் ஒழிந்த பிறகு நம்மவர்கள் பலர் குடியேறிய தெருக்கள் இவை. அங்கே இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகளில், கார்ப்பெட்டுக்கும் வினைல் ஷீட்டுக்கும் அடியில் பெரும்பாலும் நல்ல மரம் இருக்கும். அந்தத் தரத்தில் இன்று புதிதாக வாங்குவது கடினம். அதைப் பார்க்காமலே மேலே லேமினேட் போடுகிறவர்களும் நஷ்டப்படுகிறார்கள், பார்த்த சந்தோஷத்தில் மறுநாளே மெஷினை வாடகைக்கு எடுத்துத் தேய்க்கிறவர்களும் நஷ்டப்படுகிறார்கள்.

மரத்தரையை எத்தனை முறை தேய்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் தூளாகப் போகிறது, போனது திரும்பி வராது. உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் அதில் எவ்வளவு செலவழித்தார்கள் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

கீழே இருப்பது என்ன மரம்?

தரை நடந்தால் லேசாக அதிர்ந்து, தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலித்தால் அது விட்டங்கள் மேல் ஆணியடித்த பலகைத் தரை. டர்பனில் இது பெரும்பாலும் ஆரிகன் பைன். பெயரில் பைன் இருந்தாலும் அது பைன் அல்ல, வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து கப்பலில் வந்த டக்ளஸ் ஃபர். தேன் நிறத்தில் தொடங்கி வெயில் பட்டுச் செம்பழுப்பாக மாறியிருக்கும். வெளிர் வளையமும் கருவளையமும் மாறி மாறி நெருக்கமாக ஓடும். வெளிர் வளையத்தில் நகத்தை அழுத்தினால் பதியும், கருவளையத்தில் பதியாது. இந்த வித்தியாசம்தான் பின்னால் தேய்க்கும்போது தொல்லை கொடுக்கும்.

சிமெண்டுத் தளத்தின் மேல் சிறு கட்டைகளாகப் பதித்திருந்தால் அது பார்க்கே. ரிசர்வாயர் ஹில்ஸ், ஓவர்போர்ட் பக்கத்து வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். இதில் பெயர் பெற்றது ரொடீசியத் தேக்கு. ஜிம்பாப்வே, ஜாம்பியா மணல்காடுகளில் வளர்வது, ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கே பயன்பட்ட அளவுக்கு வலுவானது. நம் ஊர்த் தேக்குக்கும் இதற்கும் உறவே இல்லை. தாவரக் குடும்பத்தில் புளியமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். செம்பழுப்பில் கருமையான கோடும் புள்ளியுமாக இருக்கும். கையில் எடுத்தால் அந்த அளவுக் கட்டைக்கு எதிர்பார்க்காத எடை. கடினத்தில் ஓக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

இன்னும் பழைய வீடுகளில் யெல்லோவுட் கிடைக்கலாம். வெண்ணெய் நிறத்தில், வளையமே தெரியாத அளவு மென்மையான முகம். தென்னாப்பிரிக்காவின் தேசிய மரம் இதுதான். உரிமம் இல்லாமல் வெட்டக் கூடாத பாதுகாக்கப்பட்ட மரம் என்பதால், சந்தையில் வருவதில் பெரும்பங்கு பழைய வீடுகளை இடித்து எடுத்ததுதான். உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் குலசொத்து மாதிரி நடத்துங்கள்.

கனம் எவ்வளவு மிச்சம்?

பலகைத் தரையில் பலகையின் ஒரு விளிம்பில் நீட்டிய நாக்கு, மறு விளிம்பில் அடுத்த பலகையின் நாக்கு நுழையும் காடி. புதிதாகப் போட்டபோது பலகை 22 மி.மீ. கனம் இருந்திருந்தாலும், நாக்குக்கு மேலே இருப்பது 6 அல்லது 7 மி.மீ. மட்டுமே. தேய்க்கக் கிடைப்பது அந்த மேல்பகுதிதான், மொத்தக் கனம் அல்ல. ஒரு முறை முழுதாகத் தேய்த்தால் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை போகும். குழியும் வளைவுமாக இருந்தால் இன்னும் கூடும். நாக்குக்கு மேல் 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் உருளையில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்கும் டிரம் மெஷினை உள்ளே விடாதீர்கள். காடியின் மேல் உதடு மெலிந்து, நாற்காலிக் கால் அழுத்தத்திலேயே சிம்பு சிம்பாகப் பெயரும்.

அளப்பது எளிது. இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்ட இடத்தில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை நேராக இறக்குங்கள். நாக்கில் இடித்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று படித்துக்கொள்ளுங்கள். இதை ஒரே இடத்தில் செய்யாமல் வாசல்படி அருகே, ஜன்னல் அருகே, கட்டிலுக்கு அடியில் என்று ஆறேழு இடத்தில் செய்யுங்கள். நடமாட்டம் அதிகமான வாசலில் 4 மி.மீ.யும் கட்டிலுக்கு அடியில் 6 மி.மீ.யும் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். கணக்கில் எடுக்க வேண்டியது குறைந்த எண்ணைத்தான்.

பார்க்கேயில் ஆடுகிற கட்டை ஒன்றைப் பெயர்த்து எடுத்தாலே கனம் தெரிந்துவிடும். ஒரு சாண் நீளக் கட்டைகளில் கனம் தாராளமாக இருக்கும். விரல் அகலக் குச்சிகளை ஐந்தாறாகச் சேர்த்துச் சதுரம் சதுரமாகப் பதித்த வகையில் மொத்தமே பெரும்பாலும் 10 மி.மீ.க்குள். அதை இரண்டு முறை ஏற்கெனவே தேய்த்திருந்தால் மெஷினே வேண்டாம், கையால் சுரண்டிப் புது மெழுகு ஏற்றுவதோடு நிறுத்துங்கள்.

அடியில் போய்ப் பாருங்கள்

மேலே எவ்வளவு மினுக்கினாலும் அடியில் ஈரம் இருந்தால் வேலை நிலைக்காது. பலகைத் தரைக்குக் கீழே காற்று ஓட வேண்டும். அதற்காகத்தான் வெளிச்சுவரின் அடியில் ஓட்டைச் செங்கல் வைத்திருப்பார்கள். பிறகு வந்தவர்கள் முற்றத்துக்குக் கல் பதித்து மட்டத்தை உயர்த்தும்போதோ, பூச்செடிக்கு மண் மேடு போடும்போதோ அந்த ஓட்டைகள் மூடிப்போகும். டர்பன் கோடையில் அடைபட்ட அந்த இடம் இட்லிப் பானை மாதிரி. பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரியும், மேல்பக்கம் காய்ந்திருக்கும், விளிம்புகள் உயர்ந்து நடுப்பகுதி குழியும். இதைப் பார்த்து மேட்டைத் தேய்த்துச் சமன் செய்கிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. பின்னால் ஈரம் குறைந்து பலகை நேரானதும், தேய்த்த விளிம்புகள் பள்ளமாகி நடுப்பகுதி முதுகு போல் மேலெழும். நாக்குக்கு மேலிருந்த சதையும் போயிருக்கும். முதலில் ஓட்டைச் செங்கலைத் திறவுங்கள், குழாய்க் கசிவை அடையுங்கள், சில மாதம் விடுங்கள். பாதி வளைவு தானாகவே இறங்கும்.

மர ஈரமானி ஒன்றை வாங்கி வைப்பது வீண் செலவல்ல. டர்பன் வீட்டுக்குள் மரம் 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும், மழைக்காலத்தில் சற்று ஏறும். பல இடங்களில் அளந்து, ஒரு பகுதி மட்டும் மற்றதை விட 4 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் அங்கே எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. குளியலறைச் சுவரை ஒட்டிய விட்டங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல விட்டத்தில் முனை நிற்கும், மக்கியதில் வெண்ணெயில் போல இறங்கும்.

பூச்சியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மண் குழாய் கட்டி ஏறினால் அது நிலத்துக் கரையான். மண்ணே இல்லாமல், கசகசா போல ஆறு பக்கம் கொண்ட சிறு மணிகள் குவிந்து கிடந்தால் அது உலர்மரக் கரையான். டர்பன் துறைமுக நகரம், இந்த வகை இங்கே நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. மாவு போன்ற தூளும் குண்டூசித் தலை அளவு ஓட்டையும் சிறு வண்டு. பைன் வகை மரத்தில் நீள்வட்ட ஓட்டை தெரிந்தால் பெரிய வண்டு, அதன் புழு விட்டத்தையே தின்றிருக்கலாம். இந்தக் கரையோரத்தில் வீடு கைமாறும்போது பூச்சிச் சான்றிதழ் கேட்பது வழக்கம். ஆனால் அதில் எழுதியிருப்பது பார்க்க முடிந்த இடங்களைப் பற்றி மட்டும்தான். கார்ப்பெட்டுக்கு அடியில் பார்த்தாரா என்று சான்றிதழ் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

மெஷின் வருவதற்கு முன்

இரண்டு ஆபத்துகளைச் சொல்லியே ஆக வேண்டும். மரத்தின் மேல் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். பழைய வினைல் ஓட்டிலும் அதை ஒட்டிய கரும்பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இந்த நாடு அதை 2008-ல்தான் தடை செய்தது. இரண்டையும் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கக் கூடாது. சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பதில் வந்த பிறகே கை வையுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதில் சமரசமே கிடையாது.

அடுத்தது மெழுகு. ஆயா காலத்து வீடுகளில் வாராவாரம் கோப்ரா மெழுகு போட்டுத் தரையை மெருகேற்றியிருப்பார்கள். அந்தத் தரைகள் இவ்வளவு நாள் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மெழுகின் மேல் பாலியூரித்தேன் பிடிக்காது. எண்ணெய்த் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலப் பூச்சு விலகி வட்டம் வட்டமாக நிற்கும், பிடித்த இடமும் சில மாதத்தில் தோலாக உரியும். வெள்ளைத் துணியில் மினரல் டர்ப்ஸ் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) நனைத்துத் துடையுங்கள். துணியில் மஞ்சளோ பழுப்போ வழவழப்பாக ஏறினால் மெழுகு இருக்கிறது. டர்ப்ஸ் ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று ஆகும். இதைச் செய்யாமல் மெஷின் விட்டால் சூட்டில் மெழுகு உருகி, பத்து நிமிடத்தில் ஒரு உப்புத்தாள் அடைத்துப்போகும்.

ஆணித்தலைகளை எல்லாம் பஞ்ச் வைத்து 3 மி.மீ. கீழே இறக்குங்கள். ஒரு தலை தப்பினாலும் உப்புத்தாள் கிழியும், பொறியும் பறக்கும். மரத்தூள் நிறைந்த பைக்குள் அந்தப் பொறி போனால் தீப்பிடிக்கும். தூள் பையை மதியமும் சாயங்காலமும் காலி செய்து, வீட்டுக்கு வெளியே தகர டின்னில் கொட்டுங்கள்.

பார்க்கேயில் ஆடும் கட்டைகளை முதலில் ஒட்ட வேண்டும். பழைய கட்டைகள் தார்ப்பசையில் உட்கார்ந்திருக்கும், வருடக்கணக்கில் அது உலர்ந்து பிடி விட்டிருக்கும். கட்டையைப் பெயர்த்து, அடியில் ஒட்டிய தாரை உளியால் சுரண்டுங்கள். தார் இளகிப் பிசுபிசுத்தால் கட்டையை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தெடுங்கள், கண்ணாடி போல உடைந்து வரும். பாரஃபின், அதாவது மண்ணெண்ணெய், ஊற்றிக் கரைக்கலாம் என்பார்கள். அது மரத்துக்குள் ஊறிப் புதுப் பசையையும் பிடிக்க விடாது. புதுப் பசையைத் தார் மேல் வைக்கப் போகிறீர்களானால், தாருக்கு ஒத்துப்போகும் என்று டின்னில் எழுதியிருக்கிறதா பாருங்கள். தளத்தில் இருக்கும் தாரை முழுதாகச் சுரண்டி எடுக்க நினைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: பல பழைய தளங்களில் நிலத்து ஈரம் மேலே வராமல் தடுத்துக்கொண்டிருப்பதே அந்தத் தார்தான். அதை எடுத்தால் ஈரத்தடுப்புப் பூச்சு ஒன்று பூசிய பிறகே கட்டையை வைக்கலாம்.

தேய்ப்பது

உப்புத்தாளில் எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும். பழைய பூச்சு தடிப்பாக இருந்தால் 36 அல்லது 40-ல் தொடங்கி 60, 80, 100 என்று போங்கள். ஓரளவு நல்ல தரையை 60-லேயே தொடங்கலாம், அப்படித் தொடங்க முடிந்தால் பல வருட ஆயுள் மிச்சம். நடுவில் எண்ணைத் தாண்டாதீர்கள். 40 போட்ட கீறலை 100 அழிக்காது, மேலே மினுக்கி மறைக்கும். வார்னிஷ் விழுந்ததும் அத்தனை கீறலும் எழுந்து நிற்கும். 20 சதுர மீட்டர் அறைக்கு ஒவ்வொரு எண்ணிலும் மூன்று நான்கு தாள் கையில் வையுங்கள். மெழுகுத் தரையானால் முதல் எண்ணில் இரட்டிப்பாக.

டிரம் மெஷினில் ஒரே ஒரு விதி உயிர்நாடி: டிரம் தரையைத் தொடும் நேரமெல்லாம் கால் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய பிறகு டிரம்மை இறக்குங்கள், நிற்பதற்கு முன் தூக்குங்கள். இரண்டு விநாடி நின்றால் போதும், அலை போன்ற ஒரு பள்ளம் விழும். அதை எடுக்க அறை முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் இறக்க வேண்டி வரும். நம் ஊரில் இதோடு மின்வெட்டும் சேர்ந்துகொள்ளும். கரண்ட் போன கணத்தில் டிரம்மைத் தூக்கி, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்குத் திடீரென்று கரண்ட் வந்தால் அது அங்கேயே குழி தோண்டும். லோட்ஷெடிங் அட்டவணை இருக்கும் நாட்களில் அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். மின்னழுத்தம் இறங்கி மோட்டார் திணறும், டிரம்மின் வேகம் ஏறி இறங்கித் தரையில் வரி வரியாகத் தெரியும்.

பலகைத் தரையில் மரத்தின் ரேகையோடு போங்கள். பலகைகள் ஏறி இறங்கி இருந்தால் முதல் சுற்று மட்டும் 15 டிகிரி சாய்வாக. பார்க்கேயில் ரேகை எல்லாத் திசையிலும் ஓடுவதால் முதல் எண்ணை மூலைக்கு மூலை குறுக்காகவும், அடுத்ததை எதிர் மூலைகளுக்குக் குறுக்காகவும், கடைசியை அறையின் நீளத்துக்கும் விடுங்கள்.

ஓரங்களுக்கு எட்ஜர் என்ற சிறு மெஷின். டிரம் எந்த எண்ணோ, எட்ஜரும் அதே எண்ணில் கூடவே வர வேண்டும். நடுப்பகுதியை 100 வரை முடித்துவிட்டு ஓரத்தை 60-ல் விட்டால், அறையைச் சுற்றி படச்சட்டம் போட்டது போல ஒரு கருப்புப் பட்டை தெரியும். மூலைகளைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், டிரம்மும் எட்ஜரும் அங்கே எட்டாது. கடைசியில் வட்டமாகச் சுழலும் பஃபர் மெஷினில் 100 அல்லது 120 வலைத்தாள் போட்டு நடுவையும் ஓரத்தையும் ஒன்றாக்குங்கள். ஆரிகன் பைனில் பஃபரின் அடியில் மெத்தென்ற பேடு வேண்டாம். வெளிர் வளையத்தை மட்டும் தின்று கருவளையத்தை விட்டுவிடும், தரை துவைகல் மாதிரி வரி வரியாகிவிடும்.

முடிந்ததா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு விளக்கை எல்லாம் அணைத்து, டார்ச்சைத் தரையிலேயே படுக்க வையுங்கள். ஒளி தரையை உரசிப் போகும். பகலில் கண்ணாடி போல் தெரிந்த இடத்தில் சுருள் சுருளாக எட்ஜர் கீறலும், மெஷின் துள்ளிய இடத்தில் ஏணிப்படி போல் குறுக்குக் கோடுகளும் நிழலாக விழும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு காலையில் அதை மட்டும் எடுங்கள்.

ஒட்டிய கட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளை, 80-ல் வந்த தூளையே நிரப்புப் பசையில் குழைத்து அடைக்கலாம். ஆடுகிற பலகைத் தரையில் இதைச் செய்யாதீர்கள். கோடையில் பலகை விரிந்து அதை நசுக்கும், குளிர்காலத்தில் சுருங்கி உதிர்த்துவிடும். அந்த இடைவெளி அப்படியே இருக்கட்டும், பழைய தரைக்கு அது அழகுதான்.

சாமி விளக்கின் அடியில்

நம் வீடுகளுக்கே உரிய கறை ஒன்று இருக்கிறது. குத்துவிளக்கு வைத்த இடத்தில், பித்தளைப் பாதத்தின் அளவுக்கு ஒரு கருவட்டம். அதைச் சுற்றி எண்ணெய் ஊறிய மங்கலான வளையம், அதில் ஒட்டிய கற்பூரக் கரி, ஓரத்தில் குங்குமச் சிவப்பு. பார்வைக்கு மேலாகத் தெரிந்தாலும் எண்ணெய் பல மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் அறையில் அந்த ஒரு இடம் கிண்ணம் போலக் குழியும். முல்தானி மட்டியை டர்ப்ஸில் சட்னிப் பதத்துக்குக் குழைத்து, ஒரு விரல் கனம் அப்பி, மேலே பிளாஸ்டிக் மூடி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் பிளாஸ்டிக்கை எடுத்துக் காய விட்டுச் சுரண்டினால் எண்ணெயை மண் இழுத்திருக்கும். மூன்று நான்கு முறை செய்ய வேண்டி வரலாம். பக்கத்தில் விளக்கு எரிய வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மஞ்சள் கறைக்கு மருந்து வெயில். திரையை விலக்கி நேர்வெயில் விழ விடுங்கள், சில நாளில் வெளிறும்.

நீலக் கருப்பாக ஆணியைச் சுற்றியோ தொட்டியின் அடியிலோ தெரிவது வேறு சமாச்சாரம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் தண்ணீரில் சேர்ந்தால் மை உண்டாகும். ரொடீசியத் தேக்கில் துவர்ப்பு அதிகம். ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, பிரஷ்ஷால் தடவி, கறை வெளுத்ததும் நல்ல தண்ணீரால் மூன்று முறை துடைத்து எடுங்கள். அது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், காய்ந்த படிகத்தைத் தேய்த்துத் தூளாக்கவும் கூடாது. இதே காரணத்தால்தான் இந்த மரத்தில் நீர் வகைப் பூச்சு போடும்போது நடுவில் இரும்புக் கம்பளியால் தேய்க்கக் கூடாது என்கிறேன். ஒடிந்து சிக்கிய ஒவ்வொரு கம்பியும் மறுநாள் ஒரு கரும்புள்ளி.

பூச்சு

மூன்று வழிகள் இருக்கின்றன. எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் மரத்துக்குத் தேன் நிறம் கொடுக்கும், உறுதியானது. வாசனை கடுமை, ஒரு கோட்டுக்கும் (ஒரு முறை பூசுவதற்கும்) அடுத்ததற்கும் இடையே ஒரு நாள் வேண்டும். நீர் வகை சில மணி நேரத்தில் காயும், நிறம் மாறாது, மூன்று நான்கு கோட்டு தேவை. மூன்றாவது மெழுகெண்ணெய். மரத்தின் மேல் தோலாக நிற்காமல் உள்ளே போகும், பளபளப்பு குறைவு, கறையும் சீக்கிரம் ஏறும். ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் கையால் தேய்த்து மறுபடி பூசிவிடலாம், அறை முழுவதையும் தேய்க்க வேண்டியதில்லை. கனம் குறைந்த பழைய தரைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். குழந்தைகளும் சமையலும் நடமாட்டமும் நிறைந்த கூடத்துக்கு நீர் வகையில் தரைக்கென்றே செய்த இரு பாகக் கலவை நல்லது. அதைக் கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

அளவு: கோட்டுக்குப் பத்து சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று வையுங்கள். 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, மூன்று கோட்டு, ஆறு லிட்டர். குறைவாக வாங்கி மெல்ல இழுத்தால் உருளை போன தடம் காய்ந்து நிற்கும்.

பருவம் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பன் காற்று உலர்ந்திருக்கும், இந்த வேலைக்கு அதுதான் காலம். ஜனவரிப் புழுக்கத்தில் பூசினால் நீர் வகை காயாமல் பால் போல மங்கும். குளிர்காலத்திலும் காலை பனி விலகி, தரை கைக்குச் சில்லென்று இல்லாதபோது தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். கோட்டுகளுக்கு இடையே 180 அல்லது 220-ல் லேசாக உரசி, தூசியை வேக்யூம் போட்டு எடுத்து, ஈரத் துணியால் துடைத்த பிறகே அடுத்தது. ஒரு நாளில் காலுறையோடு நடக்கலாம், மூன்று நாளில் மேசை நாற்காலி. பாயும் கம்பளமும் இரண்டு வாரம் பொறுக்கட்டும், எண்ணெய் வகையானால் ஒரு மாதம். சீக்கிரம் விரித்தால் விரித்த இடம் நிறம் மாறி நிற்கும்.

எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்த டின்னில் அமுக்கி வையுங்கள், அல்லது கொடியில் விரித்துக் காயப் போடுங்கள்.

புதிதாகப் போடுவதானால்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வீடுகளைப் போலச் சிமெண்டுத் தளம் மட்டும் உள்ளவர்கள் முதலில் தளத்தின் ஈரத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் வேர்த்திருந்தால் ஈரத்தடுப்பு இல்லாமல் எந்த மரமும் வேண்டாம். புதுத் தளமானால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டுக் காய விடுங்கள், 50 மி.மீ. தளத்துக்கு ஐம்பது நாள். டர்பன் கோடையில் அதுவும் போதாது.

மர வகையில், கியாட் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். நம் வேங்கைக்கு உடன்பிறப்பு அது, வெட்டினால் அதே போலச் செந்நீர் வடியும். ஈரத்தில் மிகக் குறைவாகவே விரிந்து சுருங்கும் என்பதால் கடலோர வீட்டுக்குப் பொருத்தம். கடினம் நடுத்தரம்தான். சலிக்னா இங்கேயே தோட்டமாக வளர்க்கும் தைலமரம், கடினமானது, விலையும் தாங்கும். ஆனால் ஈரத்துக்கு நிறைய அசையும், அகலமான பலகையாக எடுக்காதீர்கள். வெள்ளைப் பகுதி, அதாவது வெளிறு, கலந்த பலகைகளை எந்த மரத்திலும் ஒதுக்குங்கள். சிறு வண்டு முதலில் தேடி வருவது அதைத்தான்.

அசைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். 100 மி.மீ. அகலப் பலகை, ஈரம் 4 சதவீதம் ஏறினால் பல மரங்களில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விரியும். 4 மீட்டர் அகல அறையில் நாற்பது பலகை, மொத்தம் 40 மி.மீ. அவ்வளவு இடம் எந்தச் சுவரோரத்திலும் கிடையாது, தரை கூடாரம் போல மேலெழும். ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் 8, 9 சதவீதத்துக்குக் காய்ந்த மரத்தை லாரியில் இறக்கி மறுநாளே டர்பனில் பதித்தால் நடப்பது இதுதான். பலகைக் கட்டைப் பிரித்து, அறைக்குள்ளேயே நடுவில் குச்சி வைத்து அடுக்கி, ஜன்னலை வழக்கம்போலத் திறந்து மூடி, இரண்டு வாரம் வையுங்கள். ஈரமானி இரண்டு முறை ஒரே எண்ணைக் காட்டிய பிறகே ஆணி. சுவரோரம் சுற்றிலும் 12 முதல் 15 மி.மீ. விடுங்கள், ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

என்ஜினியர்ட் பலகை என்பது அடுக்குப் பலகையின் மேல் நல்ல மரத்தை ஏடாக ஒட்டியது. அசைவு குறைவு, சிமெண்டுத் தளத்துக்கு ஏற்றது. அதில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி மேல் ஏட்டின் கனம். 4 மி.மீ. என்றால் இரண்டு முறை தேய்க்கலாம். 1 மி.மீ.க்குக் குறைவானால் ஒரு முறைகூடக் கிடையாது. கடைக்காரர் மொத்தக் கனத்தைச் சொல்வார், மேல் ஏட்டைச் சொல்ல மாட்டார். துண்டை வாங்கி வெட்டுமுகத்தைப் பாருங்கள். லேமினேட்டைப் பற்றிச் சுருக்கமாக: வாடகைக்கு விடும் அறைக்குச் சரி, சமையலறைக்கு வேண்டாம், விளிம்பில் தண்ணீர் போனால் உப்பியது இறங்காது.

அறுபது வருடத்துக்கு மேலான கட்டடத்தில் பழைய தரையைப் பிடுங்கி மாற்றுவதாக இருந்தால், 1999-ஆம் ஆண்டு மரபுச் சின்னச் சட்டத்தின் கீழ் மாகாண மரபுத் துறையிடம் அனுமதி தேவைப்படலாம். வேலை தொடங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

விளக்கின் அடியில் பித்தளைத் தாம்பாளமும் அதற்கு அடியில் ஒரு ஓடும் வையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள், அதில் மணல் ஏறினால் அதுவே உப்புத்தாள் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் தரைக்குச் செய்கிற உதவியை எந்தப் பூச்சும் செய்யாது. வேலையில் மிஞ்சிய பழைய கட்டைகளையும் பலகைத் துண்டுகளையும் எறியாதீர்கள். அதே வயது, அதே நிறத்தில் கட்டை வேறெங்கும் கிடைக்காது. பத்துப் பதினைந்தைத் துணியில் சுற்றி, எந்த அறையிலிருந்து எடுத்தது என்று எழுதி, அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள்.